பைப்பரின் இரண்டரை சதம்

12-5-75, திங்கள்
எரிச்சல் எரிச்சலாக வருது. மிளகு லோடு இன்று கப்பலேற வேண்டியது. காலையில் மிளகைப் பொடித்து, ஸ்பிரிட்டில் கரைத்து, லேப்பில் காரம் அளக்கும் மெஷினில் வைக்கப் போனால் கரண்ட் போச்சு! ஃபிளாஸ்க்கை ஜன்னலோரம் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பன்னிரண்டுக்குத்தான் வந்தது. பைப்பரின் இரண்டரை சதம்! ஐந்து இருக்க வேண்டாமா? மிளகின் காரமே அதுதானே. இறைச்சிக்கும் மருந்துக்கும் சீமைக்காரன் வாங்குவது அதற்காகத்தானே. யாரோ காரம் எடுத்த சக்கை மிளகைக் கலந்திருக்கிறார்கள். சரக்கு வைக்கும் கிட்டங்கிச் சாவி யாரிடம்? இசக்கியப்பனிடம்.

13-5
முதலாளி செந்தூர்பாண்டி அண்ணாச்சி முன்னாலேயே இசக்கியப்பனைக் கேட்டேன். இருபது வருஷத்து ஆள். சாக்கிலிருந்து ஒரு மிளகை எடுத்து என் மேஜையில் வைத்தார். "கடிச்சுப் பாருங்கம்மா. உறைக்கலன்னா என்னைச் செருப்பால அடிங்க."
"நாக்கு என்ன மெஷினா? திருட்டையும் செஞ்சிட்டு, திமிரைப் பாரு!" கத்திவிட்டேன்.
முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். "நாளையிலேருந்து வராதேயும் வே."

14-5
நான் செய்தது சரிதான்.

16-5
போலீசுக்குக் கொடுக்க ரிப்போர்ட் வேண்டுமாம். அதே சாக்கு, அதே முறை. இன்று கரண்ட் இருந்தது. கரைத்த கையோடு மெஷினில் வைத்தேன். ஐந்தேகால்.
மறுபடியும் — ஐந்தேகால்.
அன்றைக்கு ஃபிளாஸ்க் ஜன்னலோரம் இருந்ததே! அதே கரைசலை இரண்டு மணி நேரம் ஜன்னல் வெயிலில் வைத்துப் பார்த்தேன். மூன்றுகூட வரவில்லை.
பைப்பரின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, மஞ்சள் ஊசியாகப் படியும், நைட்ரஜன் உண்டு — பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினேனே, முண்டம்! கரைசலில் வெயில் பட்டால் பைப்பரின் உருமாறிவிடும், காரம் போய்விடும் என்ற ஒரு வரியை எங்கே தொலைத்தேன்?
அவர் வைத்த மிளகு மேஜையிலேயே கிடந்தது. கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

17-5
முதலாளியிடம் சொன்னேன். "சும்மா கெட. வெளிய தெரிஞ்சா நம்ம லேப் பேரு கெட்டுரும். அவனுக்கு வேற வேலையா கிடைக்காது?"
திருடன் என்று பேர் வாங்கியவனுக்கு இந்தத் தூத்துக்குடியில் எந்தக் கிட்டங்கியில் வேலை கொடுப்பார்கள்? வெறி வந்துவிட்டது எனக்கு. தப்பு என்னுடையது, இசக்கியப்பன் திருடவில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கிட்டங்கிக் கதவிலேயே ஒட்டிவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

23-5
என் வேலை போகவில்லை. கதவில் ஒட்டியதை ஊரே படித்துவிட்டதால் முதலாளிக்கு வேறு வழியில்லை; சாவி மறுபடி இசக்கியப்பன் அண்ணாச்சி இடுப்பில்.
இன்று புது லோடு. ஃபிளாஸ்க்கைக் கறுப்புத் துணியால் சுற்றிவைத்தேன். பிறகு ஒரு மிளகை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.
"கடிச்சுப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி."
"மெஷின்ட்ட கேளுங்கம்மா" என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.