ஸ்டியரிங் இடப்பக்கம் போன பிறகு

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் நலம், அப்பாவின் முட்டி வலிகூட இந்த மாதம் பரவாயில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி சுகமாக இருப்பாய் என்று நினைத்தே எழுதுகிறேன். இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். அப்பா பேச்சை எடுத்தாலே உனக்கு எங்கிருந்தோ ஒரு வேலை வந்துவிடுகிறது, கடிதத்தை உன்னால் கட் பண்ண முடியாது.

உன் தம்பி வேலைக்காக நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. இங்கே வண்டிகள் ரோட்டின் வலது பக்கம் போகும், ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த நம் பழைய காருக்கோ ஸ்டியரிங்கும் வலது பக்கம். ஒரு வருடத்துக்கு மேல் இப்படி ஓட்டக் கூடாது, இடப்பக்கம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள் என்று வண்டி பதிகிற ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வித்துட்டு வேற வாங்கலாம்ப்பா என்று தம்பி தலைகீழாக நின்றும் நடக்கவில்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர் கேட்பாரா, பட்டறையில் கொண்டுபோய் விட்டுவிட்டு மூன்று வாரமும் அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எதைக் கேட்டாலும் பண்ணிடலாம் என்பதால் பட்டறைக்காரருக்கு நான் வைத்த பெயரே பண்ணிடலாம். அவர் டேஷ்போர்டை மொத்தமாகக் கழற்றித் தரையில் போட்டு, எஞ்சினுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் தகட்டில் பழைய ஓட்டையை அடைத்து, அந்தப் பக்கம் புதிதாக வெட்டி, பிரேக், கிளட்ச் எல்லாவற்றையும் இடம் மாற்றி, எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காதபடி ஹெட்லைட்டையும் மாற்றிக் கொடுத்தார். வண்டி வந்த முதல் வாரம் எங்கள் கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும், பழக்க தோஷத்தில் நான் அவர் கதவைத் திறப்பேன், அவர் என் கதவைத் திறப்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். காரில் ஏறினால் நான் பாட்டுக்கு அவரைத் திட்டிக்கொண்டே வருவேன் என்பது உனக்கே தெரியும். அவரும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டார், அழுத்தக்காரர் என்று நானும் விட்டுவிடுவேன். அன்றைக்கு மார்க்கெட் போகும்போது, இந்த மனுஷனுக்கு நிதானம்னு ஒண்ணு எப்பத்தான் வருமோ என்று வழக்கம்போல முனகினேன். நாப்பதுல தானே போறேன், இறங்கித் தள்ளிட்டு வரட்டுமா என்று பதில் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடத்தில் காரில் அவர் எனக்குச் சொன்ன முதல் பதில் அதுதான். மறுநாள் அவர் பேப்பர் படிக்கும்போது இடது பக்கம் நின்று டீ ஆறுது என்றேன், அசையவில்லை. வலது பக்கம் வந்து அதே குரலில் சொன்னேன், இதோ வரேன் என்றார். சாப்பாட்டு மேஜையில் எப்போதும் இடது ஓரத்தில் சுவரை ஒட்டியே உட்காருவாரே, அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நேற்று காரில் போகும்போது விடாமல் பிடித்துக் கேட்டேன், சொல்லிவிட்டார். நீ ஆறாவது படிக்கும்போது டிப்போவில் அவர் பக்கத்தில் ஒரு டயர் வெடித்ததாம், அன்றோடு இடது காது போய்விட்டதாம். வெளியே தெரிஞ்சா இறக்கி விட்டுடுவாங்க, வீட்ல சொன்னா நீ அழுவே, கண்ணாடியப் பாத்துப் பாத்தே ஓட்டிட்டேன் என்கிறார். அத்தனை பேர் உயிரை ஏற்றிக்கொண்டு இப்படிச் செய்யலாமா என்று கோபம் கோபமாக வந்தது, நன்றாகத் திட்டினேன், இந்தத் தடவை முழுக்கக் கேட்டது அவருக்கு.

திட்டிக்கொண்டே இருக்கும்போதுதான் நீ கிளம்பிய நாள் நினைவுக்கு வந்தது. நீ அவ்வளவு தூரம் போவதில் அவருக்கு இஷ்டமில்லை, ஒரு மாதமாகப் பேச்சில்லை. ஏர்போர்ட் வாசலில் நீ என் பக்கத்து ஜன்னலில் குனிந்து, என்னைத் தாண்டி அவரிடம், அப்பா எம்மேல கோபமா என்று மெதுவாகக் கேட்டாய். அது அவருக்கு இடது பக்கம். பின்னால் காவல்காரர் விசில் அடித்தார், அப்பா நேரே பார்த்தபடி வண்டியை எடுத்துவிட்டார். ஒரு பதில் சொல்லக்கூட மனசு வரலல்லம்மா என்று ஆறு வருடமாக நீ கேட்கிறாய். நானும் உன் கட்சிதான், கல்நெஞ்சு என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

அன்னைக்கு அவ உங்களை ஒண்ணு கேட்டாளே என்று ஆரம்பித்தேன். என்ன கேட்டா, போயிட்டு வரேன்னு உங்கிட்ட சொன்னான்னுல்ல நினைச்சேன் என்றார். நீ கேட்டதை அப்படியே சொன்னேன். வண்டியை ஓரம் கட்டினார், சிக்னல் போடப் போய் வைப்பரைப் போட்டுவிட்டார், காய்ந்த கண்ணாடியில் அது கரகரவென்று ஓடுகிறது, நிறுத்தத் தோன்றவில்லை அவருக்கு. ஆறு வருஷமா புள்ள பதிலுக்கு நின்னுட்டு இருக்காளே என்றார். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. பிறகு வைப்பரை நிறுத்திவிட்டு, இல்லன்னு எழுது, அன்னைக்கும் இல்லன்னு எழுது என்றார். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஒரு குறையும் இல்லாமல் நீ நிறைவாக வாழ வேண்டும், எங்கள் ஆசி என்றைக்கும் உன்னோடு இருக்கும். காதில் வலி வந்தால் உடனே டாக்டரிடம் காட்டு, உன் அப்பா புத்தி உனக்கு வேண்டாம். இன்னொன்று, போனை அவர் எடுத்தால் வைத்துவிடாதே. அவர் எப்போதும் வலது காதில்தான் வைப்பார், நீ எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும் கேட்கும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா