கழற்றும்போது யார் பார்ப்பது?

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். இரண்டு முறை சோப்பு போட்டுக் கழுவியும் கையில் ரப்பர் கையுறையின் வாடை போகவில்லை. அந்த வாடைதான் உன்னை இழுத்துக்கொண்டு வந்தது. நீ இறந்த பிறகு இரண்டு ஆடிக் கிருத்திகை வந்து போய்விட்டது. உன்னிடம் பேசும் பழக்கம் மட்டும் எனக்குப் போகவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் தொற்று நோயாளிகளின் தனிமை வார்டில் டூட்டி. அதற்குள் பாதுகாப்பு உடையைப் போடவும் கழற்றவும் சொல்லித்தரும் செல்போன் ஆப்பை நர்சுகள் எல்லோரும் இன்னொரு தடவை பார்த்து முடிக்க வேண்டுமாம். முடித்துவிட்டேன். கேள்விகளுக்கெல்லாம் சரியான விடைதான். பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. போடும்போது இல்லை, கழற்றும்போதுதான். வெளிப்பக்கத்தில் ஒட்டிய கிருமி கைக்கு வருவது அப்போதுதானே.

கொரோனா சமயத்தில் அந்த ஆப் முதலில் வந்தது ஞாபகமிருக்கிறதா? அதிலிருக்கும் பொம்மைக்கு முடியே கிடையாது. நம் பின்னலோ தொப்பிக்குள் அடங்காது. கோயில் திறந்ததும், உன் நைனாவுக்கு உடம்பு தேறியதற்காக மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு அப்படியே டூட்டிக்கு வந்தாய். சந்தனத் தலையில் தொப்பியை மாட்டி, "பாத்தியாடி, ஆப்ல கீற பொம்மை நான்தான். இனிமே என்னைப் பாத்தே கத்துக்குங்க" என்றாய்.

ஒருத்தி கழற்ற, இன்னொருத்தி எதிரே நின்று பார்க்க வேண்டும் என்று ஆப்பிலும் இருக்கிறது. ஆனால் நீ பார்த்த விதமே வேறு. பாப்பா அப்போது வயிற்றில். வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு நிற்பேன். கை தானாக மூக்குக்குப் போகும்.

"ஏ மேடம்! அங்க இன்னா தடவிக்கினு கீற? கைய எறக்கு!"

"மூக்கு அரிக்குதுடி."

"அரிக்கட்டும். மூக்கு உன்னுது, உள்ள கீற உசுரு எங்களுது."

வராண்டா முழுக்கச் சிரிக்கும். எனக்குக் கோபம் வந்ததே இல்லை.

இன்று ஒத்திகை. திங்கட்கிழமை என் எதிரே நிற்கப்போவது புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண். நல்ல பெண்தான். செல்போனைப் பார்த்து ஒவ்வொரு படியாக வாசித்தாள். கடைசியில் மாஸ்க். பின்னாலிருக்கும் பட்டையைப் பிடிக்காமல் என் கை முன்பக்கத்தைப் பிடித்துவிட்டது. அவள் நிமிரவே இல்லை. "ஆங், சரிங்கக்கா, அடுத்தது" என்றாள். நான் கை கழுவிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பாப்பா ஓடிவந்து கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். போன மாதம்தான் மூச்சிழுப்பு வந்து ராத்திரி முழுக்க என் மடியிலேயே உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமையும் இப்படித்தான் ஓடிவருவாள்.

அசதியாக இருக்கிறது. மாஸ்க்குக்குக் கை போகும்போதெல்லாம் உன் சத்தம் எனக்குள் இன்னும் கேட்கிறது. ஆனால் இன்று அது கேட்பதற்குள் கை போய்விட்டது. போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவள் அழுவாள், இல்லாவிட்டால் நான் அழுதுவிடுவேன். நீயாக இருந்தால் சிரிக்கவைத்தே சொல்லியிருப்பாய். எப்படிச் சொல்லட்டும்? திங்கட்கிழமைக்குள் பதில் போடுடி.