சவுத் டகோட்டா ‘ஓம்’ என்று சொன்ன நாள்

வெக்ஸ்போர்ட், கனடா,
கார்த்திகை 11, 2022

அன்பு மகள் நிரூபாவுக்கு,

அப்பாவும் நானும் நல்ல சுகம், நீயும் சுகமாக இருப்பாய் என்று இந்த முறைதான் நெஞ்சு பதறாமல் எழுதுகிறேன். புதன்கிழமை காலை அப்பா கணினிக்கு முன்னால் இருந்து, யோகம், வாக்கு வெண்டிட்டுது என்று என்னைக் கூப்பிட்டுக் கத்தினார், நான் அடுப்பில் புட்டை மறந்துவிட்டு ஓடினேன், தண்ணீர் வற்றிப் பானை கருகிப் போனது, போகட்டும். உங்கள் மாநிலத்துச் சனங்கள் தாங்களே வாக்குப் போட்டு, வருமானம் குறைந்த வளர்ந்தவர்களுக்கும் அரசாங்க மருத்துவக் காப்புறுதி கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், பிள்ளை இல்லாதவர்களுக்கும் உண்டாம், அப்படியென்றால் உனக்கும் உண்டு. பிரசாந்தைப் பிரிந்தபோது அவனுடைய வேலையிடத்துக் காப்புறுதியும் போய், தாதிப் படிப்புக்கும் அரைநேர வேலைக்கும் நடுவில் இரண்டு வருடமாக ஒன்றும் இல்லாமல் இருக்கிறாயே, அந்த உனக்கு. நீ வீடு வீடாகக் கதவைத் தட்டி வாக்குக் கேட்டது வீண்போகவில்லை, என் ராசாத்தி. கீழ்வீட்டு யூஜினி அன்ரி, எங்கட ஹெல்த் காட் அட்டை மாதிரியோ என்று கேட்டார், ஓம் ஓம், கிட்டத்தட்ட அப்பிடித்தான் என்று சொல்லி அவருக்கு ஒரு துண்டு கேக்கும் கொடுத்தேன்.

உனக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிற வாகீசன் மாமாவின் கதையைக் கேட்டாயோ. குடியுரிமை எடுத்து அவர் போட்ட முதல் வாக்கு இது. எப்படிப் போடுகிறது என்று என்னிடம் கேட்டார், நானும் பெரிய தேர்தல் ஆணையாளர் போல, ஓம் எண்ட இடத்திலை வடிவாப் புள்ளடி போடுங்கோ அண்ணை என்று சொல்லி வைத்தேன். யாழ்ப்பாணத்தில் பெருக்கல் குறி போட்டு வாக்களித்த பழக்கம், வேறென்ன. அங்கே வட்டத்தைக் கறுப்பாக நிரப்ப வேண்டுமாமே, மெஷின் அவருடைய தாளை வெளியே தள்ளிவிட்டதாம். நல்ல காலம், அங்கே நின்ற பெண் வேறு தாள் கொடுத்திருக்கிறாள். தங்கச்சியை நம்பினால் இப்பிடித்தான் என்று முடிவு வருமுன்னமே அவர் போனில் சிரித்தார், எனக்கோ சிரிப்பு வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன், கோபிக்காதே. ஆடியில் உன்னிடம் வந்தபோது, இருபது யூனிட் போட வேண்டிய இன்சுலினை நீ காசு மிச்சம் பிடிக்கப் பத்தாகக் குறைத்துப் போட்டதைப் பார்த்தேன். இங்கே பார்மசியில் டொக்டரின் துண்டு இல்லாமலே அதை வாங்கலாம், வாங்கிக்கொண்டு வந்து தந்திருக்கலாம், தரவில்லை, திரும்பி வா என்று மட்டும் சொன்னேன். அதோடு விட்டேனா, றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போய், உந்த வாக்கு தோற்க வேணும், அப்பதான் பிள்ளை வீட்டை வருவாள் என்று நூற்றெட்டுத் தேங்காய்க்கு நேர்த்தி வைத்தேன். ஒரு தாய் செய்கிற வேலையா அது. போன மாதம் நீ வேலையிடத்தில் மயங்கி விழுந்ததை வாகீசன் மாமா சொன்ன அன்றுதான் எனக்குப் புத்தி வந்தது. அடுத்த நாளே ஓடிப்போய், முந்திச் சொன்னதை மறந்திடு பிள்ளையாரப்பா, என்ரை பிள்ளை வெல்லட்டும் என்று மாற்றிக் கேட்டேன். மெஷின் தாளைத் தள்ளியது என்றதும், பிள்ளையார் நான் முதல் கேட்டதைத்தான் எடுத்துவிட்டாரோ என்று பயந்துபோனேன். என்னை மன்னித்துக்கொள் பிள்ளை.

உனக்கு அந்தக் காப்புறுதி வாற ஆடியில்தானாம் தொடங்கும், இன்னும் எட்டு மாதம் கிடக்கிறது. அதனால் இந்த மாதக் கடைசியில் உங்கள் தாங்ஸ்கிவிங் லீவுக்கு அப்பாவும் நானும் காரில் வருகிறோம், ஐஸ் பெட்டியில் மூன்று மாத இன்சுலின், பிறகு மாசியில் ஒருதரம், சித்திரையில் ஒருதரம். வேண்டாம் நான் சமாளிப்பன் என்று அப்பாவிடம் சொல்லாதே, அவர் காருக்குப் பனிக்கால டயரும் மாற்றிவிட்டார். பயப்படாதே, இந்த முறை உன்னைக் கூட்டிக்கொண்டு போக வரவில்லை. இருந்து படித்து முடி.

பிள்ளையார் உன்னைப் பத்திரமாக வைத்திருப்பார். நாங்கள் வருமட்டும் மிச்சம் பிடிக்காதே, இந்தக் கடிதம் கிடைக்கிற அன்றே இருபதையும் போடு.

உன் அம்மா,
யோகமலர்