பேர் கேட்காத பந்தல்

தை 6, திங்கள்

நல்ல பனி. இன்று ஏட்டு வந்து, நம் பந்தலில் சாப்பிடுகிற பழனி யாத்திரைக்காரர்கள் எல்லோருடைய பேரையும் ஊரையும் எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவு சொல்லிவிட்டுப் போனார். ரேகைச் சட்டத்தில், குற்றப் பரம்பரை என்று கைரேகை வாங்கிப் பதிந்த ஆட்கள் ஊரை விட்டு வெளியேறப் போலீஸ் ஸ்டேஷனில் சீட்டு வாங்க வேண்டும். வாங்காமல் காவடிக் கூட்டத்தில் கலந்து போகிறார்களாம். அப்படி ஒருவனுக்குச் சோறு போட்டு இடம் கொடுத்தால் என் மேலும் வழக்கு.

"குன்றக்குடி ரோட்டில பந்தல் போட்டு பதினோரு வருசம் ஆச்சு. மாலை போட்டவுகள நான் பேரு கேட்டதில்ல. எல்லாரும் சாமிதான்" என்றேன்.

"அந்தச் சாமிக்கும் ஒரு ஊரு இருக்கும்ல. அத எழுதுங்க."

ஏட்டு சிரிக்கவில்லை. பானகம் மட்டும் மூன்று டம்ளர் குடித்தார்.

வாங்க வேண்டியது: இலை 6 கட்டு. சுக்கு. காலுக்கு விளக்கெண்ணெய். புதுவயல் அரிசி 2 மூட்டை வந்தது, ஏகக் கல். ஆலைக்காரனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அரிசி வியாபாரி என்னிடமே!

ஏட்டு கேட்ட பேர் நோட்டில் எழுதினேன்: சாமி, சாமி, சாமி. பக்கம் முழுக்க. மீனாட்சி எட்டிப் பார்த்தாள். "கட்டின பொண்டாட்டிக்கு ஒரு கடுதாசி எழுதினதில்ல. போலீசுக்குப் பக்கம் பக்கமா எழுதுறீக."

தை 7, செவ்வாய்

வெயில் சுள்ளென்று. பூசணிக்காய்க் குழம்பு கொதித்த வாசனையில் பழைய நினைப்பு. காலையில் ஒரு வேலையும் ஓடவில்லை.

முப்பது வருசம் இருக்கும். எனக்குப் பதினெட்டு வயது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து துண்டு வாங்காமல் ஓடி வந்தேன். போகலாம் என்று தோட்டத்தில் எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. அது இல்லாதவனுக்கு அங்கே இடம் கொடுத்தாலே குற்றம். தோணி இறங்கியும் பயம் விடவில்லை. கங்காணியின் ஆட்கள் ஊரில் இருந்தார்கள். இதே தை. காவடிக் கூட்டத்தோடு நடந்தேன். பக்தி என்றால் பொய். பசி.

நத்தம் பக்கம் ஒரு பந்தல். எண்ணெய் வியாபாரி ஒருவர், குட்டை ஆள், காதில் சிவப்புக் கடுக்கன். என் தோளில் தோட்டத்துக் கம்பளி. பார்த்ததுமே தெரிந்திருக்கும், ஓடி வந்தவன் என்று. அவர் கேட்டது ஒன்றுதான்: "சாமிக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தவா?"

கையில் காசு புரண்ட பிறகு தேடிப் போனேன். பந்தலும் இல்லை, அவரைத் தெரிந்தவரும் இல்லை. நானும் அவர் பேரைக் கேட்கவில்லையே. எத்தனையோ கல்யாண விருந்து சாப்பிட்டாயிற்று. அந்தக் குழம்பு எங்கேயும் கிடைக்கவில்லை.

மத்தியானம் ஓர் ஆள். தோளில் பெண்பிள்ளை, ஆறு வயதிருக்கும், முகமெல்லாம் அம்மைத் தழும்பு. பிள்ளையைச் சாப்பிட உட்கார்த்திவிட்டு அவர் ஒதுங்கியே நின்றார். நான் தப்புப் பண்ணியது இங்கேதான். பிள்ளைக்குப் பழம் கொடுத்தவன், வாய் சும்மா இராமல், "பேரென்ன தாயி?" என்று கேட்டுவிட்டேன்.

"செல்லாயி. எங்கப்பன் பேரு கருப்பன். நாங்க சீட்டு வாங்காம வந்துட்டோம். யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். "கேட்டுப் பாத்தேன் சாமி. தர மாட்டேன்னுட்டாக. புள்ள பொழச்சா பூசத்துக்குச் சுமந்துட்டு வாரேன்னு வேண்டிக்கிட்டது. உங்களுக்குத் தொல்லை வேணாம், இப்படியே போயிர்றோம்."

"உக்காருங்க சாமி. குழம்பு ஆறுது."

சாப்பிட்டார். உள்ளங்கால் வெடித்து ரத்தம். எண்ணெய் கொடுத்துப் பந்தலுக்குப் பின்னால் படுக்கச் சொன்னேன்.

மீனாட்சி, "இவரையும் சாமின்னு எழுதிட்டாப் போச்சு" என்கிறாள். போகாது. நேற்று வரை தெரியாது. தெரியாது என்றால் அது நிஜம். இன்று தெரியும். அரிசி வியாபாரத்தில் சொல்லாத பொய்யில்லை. மாலை கழுத்தில் கிடக்கும்போது ஒன்றுகூடச் சொன்னதில்லை. பேரைக் கேட்டிருக்க வேண்டாம்.

தை 8, புதன்

மறுபடி பனி. ஏட்டு வெள்ளனவே வந்துவிட்டார். நோட்டைப் புரட்டினார்.

"என்ன முதலாளி, விளையாடுறீகளா? கருப்பன்னு ஒருத்தன், கூட ஒரு பொட்டப்புள்ள. இங்குட்டு வந்தாங்களா?"

இல்லை என்பது நாக்கு நுனி வரை வந்தது.

"வந்தாரு. பின்னாலதான் படுத்திருக்காரு. ஆனா கூட்டிட்டுப் போக விடமாட்டேன். என் பந்தல்ல சாப்பிட்டவரு."

"சட்டம் தெரியுமா உங்களுக்கு?"

"தெரிஞ்சுதான் ஒளிக்காமச் சொல்றேன். பிடிச்சா அவரோட என்னையும் சேத்துப் பிடிங்க. நாளைக்குப் பெரிய கூட்டம் வருது. சோறு எங்கன்னு கேட்டா நீங்க பதில் சொல்லிக்கங்க."

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எங்க ஆத்தாளும் அந்தக் கூட்டத்துலதான் வருது. பசி தாங்காது." சப்-இன்ஸ்பெக்டரைக் கேட்டு வருகிறேன் என்று சைக்கிளை மிதித்தார்.

மத்தியானம் திரும்பினார். நெல் பேரம்கூட இத்தனை நேரம் பேசியதில்லை. கடைசியில் படிந்தது: பந்தலில் யார் பேரும் எழுத வேண்டியதில்லை. கருப்பன் பூசம் முடித்து, மாசி பிறக்குமுன் தன் ஊர் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும். வராவிட்டால் வழக்கு என் மேல். அதுவரை தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் ஸ்டேஷனுக்குப் போய், ஜாமீன்தாரன் என்று ரேகை வைக்க வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியும் என்றேன். ரேகைதானாம். இன்று முதல்.