அம்மாவின் மாத்திரையும் நான் எழுதிய அட்டையும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. முதலில் என் எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. சில வரி மேலே ஏறும், சில வரி களைத்துப்போய்ச் சரிந்து விழும், நடுவில் ஓர் எழுத்து பானை அளவுக்கு இருக்கும், அடுத்தது கடுகு அளவுக்கு இருக்கும். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் என் கை தாங்குகிறது, அதனால் இதை எழுதி முடிக்க எத்தனை நாளாகும் என்று எனக்கே தெரியாது. இங்கே யாவரும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று தொடங்குவதுதான் முறை என்று உன் அம்மா சொன்னாள். ஆனால் பல மாதமாக இங்கே யாவரும் நலமாக இல்லை, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போதுதான் நலம். ஆகவே நலம் என்ற சொல்லை இன்றைய தேதியில் மட்டும் எடுத்துக்கொள்.

இத்தனை வருஷமும் உனக்குக் கடிதம் எழுதியது உன் அம்மா. நான் அடியில் பெருவிரலை அழுத்துவேன். முப்பத்தாறு வருஷம் அடுக்குமாடிக் கட்டடத்தில் தண்ணீர் மோட்டார் போட்டவன், அழுத்தமானி முள்ளைப் பார்த்து எண்களைக் கற்றுக்கொண்டேன், எழுத்து மட்டும் ஒட்டவில்லை. ஓய்வு பெற்றபிறகு உன் அம்மாதான் உன் பழைய இரண்டாம் வகுப்பு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தாள். நீ அந்த நோட்டில் மூன்று இடத்தில் மை கொட்டியிருக்கிறாய், அதையும் பார்த்துவிட்டேன்.

போன வருஷக் கடைசியிலேயே உன் அம்மா மாறிப்போனாள். வெயில் காலம் வந்து எல்லாரும் விசிறி கேட்கிற நேரத்திலும் இவள் போர்வை கேட்டாள். மாடி ஏறினால் நடுவில் உட்கார்ந்தாள். சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. தையல் மெஷினில் தலை சாய்த்துத் தூங்கினாள், ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கமாகத் தைத்து வைத்தாள். இதையெல்லாம்விடப் பெரிய அடையாளம், அவள் யாரையும் திட்டவில்லை. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சந்தோஷப்பட்டோம். உன் அண்ணன், "அம்மா இப்பல்லாம் எவ்ளோ பொறுமையாயிட்டாங்க, வயசானா பக்குவம் வந்துடும் போல" என்றான். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். ஒரு பெண்ணுக்கு உடம்பில் தெம்பு தீர்ந்துபோனால் வீட்டில் இருக்கும் ஆண்கள் அதற்குப் பக்குவம் என்று பெயர் வைக்கிறோம் பார்.

கடைசியில் அவளே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். ரிப்போர்ட் வந்த அன்று வீட்டில் ஒரு மருத்துவ மாநாடே நடந்தது. தலைமை, மாடி வீட்டு ஓய்வுபெற்ற கணக்கர். உனக்குத்தான் தெரியுமே, அவருக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுதான், தனக்கு என்ன தெரியாது என்பது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "டி.எஸ்.எச். பதினொண்ணு புள்ளி எட்டு. நாலுக்குள்ள இருக்கணும். அப்ப உங்க வீட்டம்மாவுக்குத் தைராய்டு மூணு மடங்கு அதிகமா சுரக்குது, அதைக் குறைக்கணும்" என்றார். உன் அண்ணன் விடுவானா, "அதிகமா சுரந்தா சுறுசுறுப்பா இல்ல இருக்கணும்? அம்மா ஏன் தூங்குறாங்க?" என்றான். அதற்கு அவர், "ஓடி ஓடிக் களைச்சுப்போச்சு தம்பி" என்றார். பதில் சொல்ல முடியாமல் போகிற பிறவியே இல்லை அவர். அடுத்து இரும்புக்கு வந்தார்கள். ஹீமோகுளோபின் பன்னிரண்டு புள்ளி ஒன்று, எல்லைக்கோட்டை ஒரு நூல் தாண்டி நிற்கிறது. "பாஸ் மார்க் வாங்கிட்டாங்க" என்று முடித்துவிட்டார். அதற்குக் கீழே ஃபெரிட்டின் ஏழு என்று ஒன்று தடித்த எழுத்தில் இருந்தது, அதை யாரும் படிக்கவில்லை. உன் அம்மா மாநாட்டுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா இரண்டு நிமிஷத்தில் மாநாட்டைக் கலைத்துவிட்டார். டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பதே இல்லையாம், மூளைக்கடியிலிருந்து அதற்குப் போகிற உத்தரவாம். கழுத்தில் இருக்கும் சுரப்பி வேலை செய்யாவிட்டால் உத்தரவு கூடிக்கொண்டே போகுமாம். உத்தரவு ஏறியிருக்கிறது, கூடவே பார்த்த டி4, அதுதான் சுரப்பி விடுகிற சரக்காம், இறங்கியிருக்கிறது, அப்படியென்றால் சுரப்பு குறைவு என்றார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஐந்தாம் மாடி அம்மாள் எனக்குப் போன் போட்டுக் கத்துவாரே, அவர் கத்தக் கத்தத் தண்ணீர் நிறைய வருகிறது என்றா அர்த்தம்? குழாயில் சொட்டு இல்லை என்று அர்த்தம். பதினொன்று புள்ளி எட்டு என்பது கத்தல். ஃபெரிட்டின் என்பது உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பாம், அது அதைவிடச் சுலபம். ஹீமோகுளோபின் மேல்மாடி டேங்க், ஃபெரிட்டின் நிலத்துக்கடியில் இருக்கும் தொட்டி, அந்த சம்ப். டேங்கில் தண்ணீர் தெரிகிறதென்று ஊரே நிம்மதியாகக் குளித்துக்கொண்டிருக்கும், சம்ப் காய்ந்து தரை தட்டியிருக்கும், அது மோட்டார்காரனுக்கு மட்டும்தான் தெரியும். இதை நான் சொன்னதும் டாக்டரம்மா, "ஐயா, நீங்க என்னைவிட நல்லா சொல்றீங்க" என்றார். அந்தப் பாராட்டுதான் என் தலைக்கு ஏறி வீட்டைக் கெடுத்தது. இந்த வயதில் இரும்பு இறங்கினால் எங்கே கசிகிறது என்று பார்க்காமல் விடக்கூடாது என்று டாக்டரம்மா வயிற்றுக்குள்ளே குழாய் விட்டும் பார்த்தார். கசிவு இல்லை. எல்லாருக்கும் பிறகு உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டு, பசியை அஞ்சு தம்ளர் டீயால் அடக்குகிறவளுக்கு இரும்பு எங்கிருந்து வரும் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

தைராய்டுக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று, இரண்டு மாத்திரை. எப்படிச் சாப்பிட வேண்டும் என்று டாக்டரம்மா விவரமாகச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்ததும், இனி மாத்திரைப் பொறுப்பு என்னுடையது என்று அறிவித்து, சட்டை டப்பா அட்டையை வெட்டி என் கையால் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். நான் எழுதி நாலு பேர் பார்வைக்கு வைத்த முதல் எழுத்து அது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, நான் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் நின்று படித்துவிட்டு வருவேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: காலை ஆறு மணி. இரண்டு மாத்திரை. டீ.

ஏன் அப்படி என்று கேட்பாய். மோட்டார் அறையில் எல்லா வால்வையும் ஒரே நேரத்தில் திறந்து பழகியவன், ஒரே நேரம் என்றால் மறக்காது என்று நினைத்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், வெறும் வயிறு, இடைவெளி, எலுமிச்சை என்றெல்லாம் எழுத எனக்கு அப்போது வராது. வந்த சொற்களுக்குள் வைத்தியத்தை மடக்கி வைத்துவிட்டேன். உன் அம்மா முதல் நாளே, "ஏங்க, டாக்டரம்மா ரெண்டையும் தனித்தனியா இல்ல போடச் சொன்னாங்க?" என்று கேட்டாள். நான் சுவரைக் காட்டினேன். எழுதியிருக்கிறது அல்லவா! எழுத்து தெரியாத காலமெல்லாம் ஊரில் எல்லாரும் என்னிடம் காகிதத்தைக் காட்டிக் காட்டித்தான் வாயை அடைத்தார்கள். எனக்கும் ஒரு காலம் வந்தது என்று நினைத்துக்கொண்டேன். தினமும் காலை ஆறு மணிக்கு நானே டீ போட்டு, இரண்டு மாத்திரையையும் அவள் உள்ளங்கையில் வைத்து, விழுங்குகிறவரை நின்று பார்த்தேன். ஒரு நாள் தவறவில்லை.

இரண்டு மாதம் போயிற்று. உன் அம்மா தேறவில்லை, இன்னும் மோசமானாள். உன் அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தான். "மருந்தும் கொடுத்துப் பார்த்தாச்சுப்பா, இது நோய் இல்ல, வயசு. தையல் மெஷினை அடுத்த தெரு டெய்லருக்குக் கொடுத்துடலாம், இடமாவது காலியாகும்" என்றான். அந்த மெஷினைத் துடைக்கக்கூட அவள் யாரையும் விடமாட்டாள், உனக்குத் தெரியும். ஆனால் அன்று, "எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

டெய்லர் சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை இரண்டாவது ரிப்போர்ட்டோடு டாக்டரம்மாவிடம் போனோம். டி.எஸ்.எச். பதினொன்று புள்ளி ஆறு, ஃபெரிட்டின் அதே ஏழு. டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்தார். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களாம்மா?" என்றார். உன் அம்மா, "அவர் ஒரு நாள்கூட விடல டாக்டர்" என்றாள். டாக்டரம்மா மாத்திரை அளவை இரண்டு மடங்காக்கப் பேனாவை எடுத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் என் ஒழுங்கை அவர் பார்க்க வேண்டாமா? காட்டலாம் என்றுதானே சுவரிலிருந்து பக்குவமாகப் பெயர்த்துப் பையில் கொண்டு போயிருந்தேன். அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். டாக்டரம்மா படித்தார். திரும்பவும் படித்தார். மூன்றே வரி, அதற்கு எவ்வளவு நேரம் என்று நான் பெருமையில் பூரித்துக்கொண்டிருந்தேன். "யார் எழுதினது?" என்றார். "நான்தான் டாக்டர், இப்பதான் எழுதப் பழகுறேன்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எழுத்து நல்லா இருக்குங்க. ஆளைத்தான் கவுத்திட்டீங்க" என்றார்.

இரும்பு மாத்திரையைக் கூடவே போட்டால் அது தைராய்டு மாத்திரையைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாதாம். டீ இரும்பைச் சேரவிடாதாம், தைராய்டு மாத்திரையையும் கெடுக்குமாம். ஒன்றின் காலை ஒன்று வாரிவிட்டு மூன்றும் சாக்கடைக்குப் போயிருக்கிறது, இரண்டு மாதமாக, என் கண்காணிப்பில். ஆயிரம் பேரைக் கொன்றால்தான் அரை வைத்தியன் என்பார்கள். நான் ஒருத்தியைப் பாதி கொன்றிருக்கிறேன், அப்படியென்றால் நான் எத்தனையில் ஒரு பங்கு வைத்தியன் என்று மாடி வீட்டுக் கணக்கரிடம்தான் கேட்க வேண்டும்.

பஸ்ஸில் திரும்பும்போது, "நீயாவது அதைக் கிழிச்சுப் போட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "பெருவிரலை வச்சுக்கிட்டே இருந்த மனுஷன் முதல்முதலா எழுதினது, அதைப் போய்க் கிழிக்கவா? அதோட, உங்ககிட்ட வாதாடத் தெம்பு வேணுமே, அதுக்குத்தானே மாத்திரை" என்றாள். வீட்டுக்கு வந்து நானே அட்டையைக் கிழித்தேன். புதியது எழுத இரண்டு நாள் ஆனது. காலை ஆறு மணி, வெறும் வயிறு, வெறும் தண்ணீர், தைராய்டு மாத்திரை மட்டும். ஏழு மணிக்குப் பிறகுதான் டீயும் பலகாரமும். பதினொன்றரைக்கு இரும்பு, எலுமிச்சைச் சாற்றோடு. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் டீ கண்ணிலும் படக்கூடாது. இடைவெளி என்ற சொல்லை நான்கு முறை அடித்து எழுதினேன். சனிக்கிழமை வந்த டெய்லரிடம் இரண்டு மாதம் கழித்து வாருங்கள் என்று நான்தான் வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். உன் அண்ணனுக்கு முகம் சுருங்கியது. சாப்பாட்டு ஒழுங்கையும் மாற்றினோம். முதல் தட்டு உன் அம்மாவுக்கு. ஈரல், கீரை, பயறு எது செய்தாலும் அவள் சாப்பிட்ட மிச்சம்தான் எங்களுக்கு. உன் அண்ணன் இரண்டாம் நாளே, "எனக்கு ரொம்பக் களைப்பா இருக்கு" என்றான். பக்குவம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

ஆறாவது வாரம் ஒரு காலை, சமையலறையிலிருந்து ஒரு சத்தம். "இந்தப் பாத்திரத்தை யாரு இப்படிக் கழுவி வச்சது? கண்ணு பின்னாடியா இருக்கு?" கழுவியது நான்தான். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்து உன் அண்ணனுக்கு விழுந்தது, ஈரத் துண்டுக்காக. பிறகு மாடி வீட்டு ஞானிக்கு, படிக்கட்டில் செருப்பை விட்டதற்காக. ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது, எனக்கு அன்றே ரிப்போர்ட் கிடைத்துவிட்டது. பிறகு வந்த காகிதத்தில் டி.எஸ்.எச். நான்கு புள்ளி ஒன்பது, ஃபெரிட்டின் பத்தொன்பது. கத்தல் அடங்குகிறது, சம்பில் ஈரம் தெரிகிறது. சம்ப் நிறைய இன்னும் பல மாதமாகும், தெம்பு வந்துவிட்டதென்று பாதியில் நிறுத்தினால் பழையபடி தரை தட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். டெய்லர் மறுபடியும் வந்தார். உன் அம்மா அவர் போட்டிருந்த சட்டையின் காலர் தையலை உற்றுப் பார்த்துவிட்டு, "இதை நீங்களா தைச்சீங்க? உங்க கையில என் மெஷினைக் கொடுக்கறதா?" என்று கேட்டாள். பாவம், டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இனி உன் விஷயம். போனில் குளிர் குளிர் என்கிறாய், முடி கொட்டுகிறது என்கிறாய், மாப்பிள்ளை உன்னைச் சோம்பேறி என்று கேலி செய்வதாகச் சிரித்துக்கொண்டே சொல்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இந்தப் பாட்டை நான் ஒரு முறை கேட்டுவிட்டேன். போய் ரத்தம் கொடு. டேங்கை மட்டும் பார்க்காதே, சம்பையும் பார்க்கச் சொல், ஃபெரிட்டின் என்று பெயர் சொல்லிக் கேள். முடிக்கென்று ஏதோ மாத்திரை போடுகிறாயாமே, அதைப் போட்டுக்கொண்டிருந்தால் தைராய்டு எண்ணே மாறிக் காட்டுமாம், எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று உன் டாக்டரிடம் கேட்டுவிட்டு அப்புறம் ரத்தம் கொடு. எண்ணை எனக்கு அனுப்பு, ஆனால் வைத்தியம் மட்டும் என்னிடம் கேட்காதே. மாப்பிள்ளையிடமும் சொல், நீ திட்டுவதை நிறுத்திவிட்டால் அவர் சந்தோஷப்படக் கூடாது, பயப்பட வேண்டும்.

நீயும் அவரும் தெம்போடு, சண்டை சச்சரவோடு, நீண்ட காலம் வாழ வேண்டும். இதுவரை எழுதி வைத்திருந்ததை உன் அம்மா இப்போதுதான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படித்தாள். இருபத்து மூன்று பிழை கண்டுபிடித்து, "இதையா புள்ளைக்கு அனுப்பப் போறீங்க? மானம் போயிடும், முதல்லேர்ந்து எழுதுங்க" என்று என் தலையில் நோட்டால் ஒன்று வைத்தாள். நாலு மாதத்துக்கு முன்னால் என் மூன்று வரியைத் திருத்த அவளுக்கு வலு இல்லை. இப்போது நீ படிப்பது, அவள் திருத்தி நான் முதலிலிருந்து எழுதியது. அடுத்த வாரமும் எழுதுகிறேன், அதில் பிழை நிறைய இருந்தால் மட்டும் கவலைப்படு, உன் அம்மா சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை என்று அர்த்தம்.

இப்படிக்கு,
உன் அப்பா
(இது பெருவிரல் இல்லை, கையெழுத்து)