முள் மேல் போட்ட பழி

மஹ்தியா, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் நிஸாருக்கு அம்மா எழுதுவது. லியோனில் நீ ஆண்டவன் காவலில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, எழுதினால் கண் பட்டுவிடும் என்று உன் அத்தை நஜீபா பேனாவைப் பிடுங்குவாள், அதனால் சுமார் என்று வைத்துக்கொள். போனில் பேசினால் பக்கத்தில் வந்து காதை நீட்டுகிறாள், அதுதான் கடிதம்.

எனக்குக் கடைசியாக வீக்கம் வந்து பதினொரு மாதம் ஆகிறது. உதடு, கை எதுவும் வீங்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளவும் இல்லை. டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி பதினைந்து நாளுக்கு ஒருமுறை நானே தொடையில் ஊசி போட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்த ஊசிக்கு இந்த வீட்டில் மரியாதை கிடையாது. தான் போட்ட சாம்பிராணிதான் காரணம் என்கிறாள் நஜீபா. தன் தோட்டத்து ஆலிவ் எண்ணெய் என்கிறார் உன் அப்பா. எதிர்வீட்டுக்காரி, கண் படாமலிருக்கத் தான் நம் வாசல் நிலையில் மாட்டிய மீன்வால் என்கிறாள். வீங்கிக் கிடந்தபோது மட்டும் எல்லாரும் என் சமையலைத்தான் குற்றம் சொன்னார்கள். நான் தேறியது தெரிந்தால் கண் படுமாம், ஆகவே எனக்கு இன்னும் முடியவில்லை என்றே நஜீபா தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள், வாரா வாரம் சூப் வருகிறது. போன வாரம் சூப்போடு வந்தவர்கள், நான் ஏணியில் நின்று சுவருக்கு வெள்ளையடிப்பதைப் பார்த்துவிட்டு, பாவம், வலியை மறக்க என்ன பாடுபடுகிறாள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

சிரித்தது போதும். "ஆறு மாசமா எனக்கும் வீக்கம் ஒண்ணுமே வரலம்மா, இனிமே எதுக்கு ஊசி, நிறுத்திட்டேன்" என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்வதுதானடா அந்த ஊசியின் வேலை. இவ்வளவு படித்த உனக்கும் உன் அத்தைக்கும் என்ன வித்தியாசம், அவள் புகையை நம்புகிறாள், நீ அதிர்ஷ்டத்தை நம்புகிறாய். போதாததற்கு அடுத்த மாதம் கடைவாய்ப்பல் பிடுங்கப்போகிறேன் என்கிறாய்.

உன் தௌஃபீக் மாமா தொண்டையில் மீன்முள் சிக்கிச் செத்தான் என்று கேட்டுத்தான் நீ வளர்ந்தாய். கடற்கரை ஊரில் இருந்துகொண்டு நம் வீட்டில் மீன் வாங்காததும் அதனால்தான். நிஸார், அன்றைக்கு நான் சமைத்தது கோதுமை ரவையை அவித்துப் பூசணிக்காய் போட்ட கூஸ்கூஸ். மீனே இல்லை. முந்தின நாள் பல் பிடுங்கியிருந்தான், மறுநாள் சாப்பாட்டு வேளையில் குரல் மாறியது, தொண்டை உள்ளேயே வீங்கி அடைத்துக்கொண்டது. தட்டில் கைகூட வைக்கவில்லை. இருபத்தாறு வயது. குடும்ப நோய் என்று தெரிந்தால் என்னை யார் கட்டுவார்கள் என்று என் அப்பா முள் மேல் பழியைப் போட்டார். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் நானும் முள் என்றே சொன்னேன். உன் அப்பாவிடம் நேற்றுத்தான் உண்மையைச் சொன்னேன். "அப்ப இத்தன வருஷம் நான் சும்மாதான் மீன் திங்காம இருந்தேனா" என்றார். அப்புறம் உன் பேரைச் சொல்லி அழுதார்.

கடிதம் கிடைத்த அன்றே டாக்டரைப் போய்ப் பார், விட்ட ஊசியைத் தொடங்கு. உனக்கு இந்த நோய் இருப்பதைப் பல் டாக்டரிடம் வாய் திறந்து சொல், நம் வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஆண்டவன் உனக்கு என் ஆயுசையும் சேர்த்துக் கொடுக்கட்டும். இன்றைக்கு என் ஊசி நாள், போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இன்னொரு தடவை முள் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை ராசா.

உன் அம்மா,
ஹயாத்