பச்சை மட்டும் வேண்டாம்

மார்ச் 3, செவ்வாய்

சம்பந்தியம்மா கூப்பிட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பெரிய ஹோட்டலில் காலையில் ஸ்பா, சாயங்காலம் டீ. முதலில் உடம்பைப் பிடித்துவிடுவார்களாம், அப்புறம் அடுக்குத் தட்டில் விரல் நீளத்துக்கு சாண்ட்விச்சாம். பெண்கள் மட்டும். 'வெளிர் நிறத்தில் வரவும்' என்று ஒரு பூப்படத்தோடு செய்தி. டீ குடிக்கக்கூட யூனிஃபார்மா? கருமம்.

மார்ச் 4, புதன்

மகள் என் பீரோவைக் குடைந்தாள். கல்யாணம் நிச்சயமானதிலிருந்து என் துணிமணியைக் கண்டாலே அவளுக்கு ஆகவில்லை. பச்சைப் புடவையை இரண்டு விரலால் தூக்கினாள், செத்த எலியைத் தூக்குவதுபோல.

"இது மட்டும் வேண்டவே வேண்டாம்மா. உன் தியேட்டர் டிரஸ் மாதிரியே இருக்கு."

இருந்தால் என்னவாம்? நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அந்தப் பச்சைதான் இவளைப் படிக்கவைத்தது. வாய்வரைக்கும் வந்தது, மென்று முழுங்கினேன்.

கதவருகே போய் நின்றுகொண்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அவங்ககிட்ட நீ ஆஸ்பத்திரி நிர்வாகத்துல இருக்கேன்னு சொல்லியிருக்கேன். பேச்சு வந்தா அப்படியே விட்டுடும்மா."

சீ.

மார்ச் 5, வியாழன்

நிர்வாகமாம். நிர்வாகம்!

மார்ச் 6, வெள்ளி

டிரஸ் வந்துவிட்டது, அவளே தேர்ந்தெடுத்தது. கிரீம் கலர், கழுத்தைச் சுற்றி லேஸ். அக்குளில் பிடிக்கிறது, கழுத்தில் அரிக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் உறை போட்ட சோஃபா நிற்கிறது. என்ன கண்றாவி இது!

ஆனாலும் போட்டுக்கொண்டுதான் போகப்போகிறேன். அந்த வீட்டுக்குப் போனபின் என்னை யாரோ தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிடுவாளோ — அந்த பயம்தான், வேறென்ன? இருப்பது ஒரே பிள்ளை.

மார்ச் 8, ஞாயிறு

எழுதினால்தான் ஆறும்.

ஸ்பாவில் ஒரு பெண் வெள்ளை அங்கியும் சின்ன பாக்கெட்டும் கொடுத்து, "மாத்திட்டு வாங்க மேடம்" என்றாள். அறையில் வெளிச்சமே இல்லை. பாக்கெட்டைப் பிரித்தேன். மடித்த காகிதத் துணி, ஓரத்தில் எலாஸ்டிக். அவ்வளவுதான், கை தன்பாட்டுக்கு உதறி, தலையில் மாட்டி, முடியை உள்ளே தள்ளியது. தினமும் காலையில் தியேட்டர் தொப்பியை மாட்டுகிற கையாயிற்றே. இரண்டு பக்கமும் காது வெளியே வந்தபோதாவது உறைத்திருக்க வேண்டாமா?

அப்படியே கூடத்துக்குப் போனேன். சம்பந்தியம்மா, அவர் தங்கைகள் இரண்டு பேர், என் மகள் — எல்லோரும் முகத்தில் சேற்றை அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சேற்றின் நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

"ஐயோ சம்பந்தி, அது தலைக்கு இல்ல! கீழ போடுறது!"

ஜட்டி. காகித ஜட்டி! சிரித்த சிரிப்பில் அவர்கள் முகத்துச் சேறு விரிசல் விட்டது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது என் மகள்.

டீ மேஜையில் புதிதாக வந்தவர்களுக்காக அதே கதை மறுபடியும். தங்கைகளில் ஒருத்தி கேட்டாள், "எப்படிங்க அதைப் போய்த் தலையில மாட்டத் தோணிச்சு?"

நான் தியேட்டர் நர்ஸு, கைப்பழக்கம் என்று சொன்னால் போதும், மானம் மிஞ்சியிருக்கும். நாக்கு நுனியில் நின்றது. மகளைப் பார்த்தேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மேஜை விரிப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"என்னமோ போங்க, இதெல்லாம் எனக்குப் புதுசு" என்றேன். மறுபடி ஒரு சிரிப்பு. நானும் சேர்ந்து பல்லைக் காட்டினேன், வெட்கமில்லாமல். இந்தத் தடவை மகள் சிரிக்கவில்லை.

ரத்தம், சீழ், என்னென்னவோ பார்த்தவள் நான். ஒருநாளும் குமட்டியதில்லை. இன்று வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன்.

மார்ச் 9, திங்கள்

காலை டியூட்டி. தொப்பியை எடுத்த கை ஒரு கணம் நின்றுவிட்டது. இதையும் கெடுத்துவிட்டார்களே, பாவிகள்.

மார்ச் 11, புதன்

அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரே வீட்டில் இரண்டு ஊமைகள். கிரீம் டிரஸ் வாளியில் ஊறிக் கிடக்கிறது, ஸ்பாவில் பூசிய எண்ணெயின் கறை போகவில்லை. போகவும் வேண்டாம்.

மார்ச் 14, சனி

டியூட்டி முடிந்து வந்தால் ஊழியர் வாசலில் மகள் நிற்கிறாள். வேலைக்குப் போக ஆரம்பித்தபின் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"அடுத்த வாரமும் டீக்குக் கூப்பிட்டிருக்காங்கம்மா."

"தாராளமா போயிட்டு வா."

"உன்னையும்தான்."

"அங்க நான் யாரு? மேனேஜரா, டைரக்டரா?"

தலையைக் குனிந்துகொண்டாள். "தியேட்டர் நர்ஸு. நேத்து போய் அத்தைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அந்தத் தொப்பி ஏன்னும் சொன்னேன்."

"சம்பந்தியம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. 'எங்களுக்குத் தெரியாது, சிரிச்சோம். உனக்குத் தெரியுமேம்மா, நீ ஏன் சிரிச்சே?'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

வாசலிலேயே நின்று அழுதாள். உடன் வேலைபார்க்கிறவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். நான் கண்ணைத் துடைத்துவிடவில்லை. இன்னும் கொஞ்சம் கோபம் பாக்கி இருக்கிறது. வரும் வழியில் என் பையை அவளே வாங்கிச் சுமந்துகொண்டாள், கொடுத்தேன்.

பச்சைப் புடவையை இஸ்திரிக்குப் போட்டிருக்கிறேன்.